நிலை: சுமார்

கச்சேரியின் பின்கட்டில் விசிறி சுழலாத அறை.
மேசையில் பழைய பேப்பர் விரித்து
ரிஸ்மியா மிஸ் ஒவ்வொன்றாய் எடுத்து வைக்கிறா.
கழுத்தில் நூல்கட்டிய மட்டை,
மட்டையில் இலக்கம்,
சிலதில் பாதியைக் கரையான் வாசித்துவிட்டது.

எனக்குக் கடைசல் பட்டறை, உள்துறைமுக வீதியில்.
படகு எஞ்சினுக்கு ஷாஃப்ட் கடைவேன்.
வருஷத்தில் இரண்டு நாள்
துவக்குக்கு விலை சொல்லக் கூப்பிடுவார்கள்.
சாப்பாடு உண்டு. காசு பிறகு.

முப்பத்தொன்று: பொயின்ற் ட்டூ ட்டூ.
எண்பத்தைந்தில் பொலிசில் ஒப்படைத்தது.
ரசீதோடு வந்தவ திலகேஸ்வரி, உவர்மலை.
லைசன்சில் காரணம்: பயிர்ப் பாதுகாப்பு.
"என்ன பயிர், நாலு தென்னை.
குரங்குக்குப் பயம் காட்ட வாங்கினவர்.
குரங்குகளுக்கு அவரைப் பழகிப்போச்சு."

முதலில் கட்டை.
பிடி ஒடுங்கும் இடத்தில் வெடிப்பு இருக்கும், பெரும்பாலும்.
இதில் இல்லை.
போல்ட்டைக் கழற்றிவிட்டுக்
குழலை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.
தொண்டையில் ஈயம், அது கரையும்.
நடுவில் துரு தின்ற புள்ளிகள், அவை போகா.
பழைய தோட்டா மருந்தில் உப்பு;
சுட்டதும் துடைக்காத குழல்
அம்மை வந்துபோன முகம்.
"துடைப்பாரோ?"
"சப்பாத்தே துடைக்கமாட்டார்."

மறுகோடியில் பயறளவு வெளிச்சம்.
அதற்குள் என்னவோ அசைந்தது.
வாசலில் மான்.
கோட்டைப் பக்கமிருந்து வந்து
யாரோ எறிந்த லஞ்ச் ஷீற்றை மென்றுகொண்டு.
குழலைத் தாழ்த்தினேன், ஏனென்று தெரியாது.
போல்ட் மேசையில்தான் கிடந்தது.

இந்தச் சாதியில் ஊசி நடுவில் குத்தாது.
தோட்டாவின் விளிம்பில் மருந்து, விளிம்பில்தான் அடி.
தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால்
அந்த அடி குழல்வாயின் உதட்டில் விழும்.
உதட்டில் ஒரு பள்ளம். நகம் இடறுகிறது.
"வெறுமனே அடிச்சிருக்கினம், கனதரம்."

அவ கதிரையை இழுத்துப் போட்டா.
"தோட்டாவை முதல்ல குடு எண்டாங்கள். குடுத்தார்.
துவக்குக்கு மூண்டு கிழமை தவணை.
ராவில படுக்கமாட்டார். முன்னறையில, விளக்கில்லாம,
டிக்.
போல்ட் இழுக்கிற சத்தம்.
டிக்.
நான் எண்ணிக்கொண்டு கிடப்பன்.
எண்பதுக்கு மேல நித்திரை வந்திடும்."

போல்ட்டைப் பூதக்கண்ணாடியில் பிடித்தேன்.
ஊசிமுனை உளி மாதிரிச் சப்பை.
பள்ளமோ வட்டம்.
உடம்பில் இலக்கம் முடிவது 608. போல்ட்டில் 215.
"அம்மா, இதில பாதிதான் உங்கட."

ரிஸ்மியா மிஸ் பதிவேட்டைப் புரட்டினா.
நாற்பத்தேழு: அசனார், இறக்கக்கண்டி.
இரண்டும் ஒரே நாள், ஒரே சாக்கு.
அவருக்குப் போட்ட கடிதம் மூன்றும் திரும்பியிருக்கு,
உறைமேல் பென்சிலால்: ஆள் இல்லை.

நாற்பத்தேழின் போல்ட்டை உருவினேன்.
608. ஊசி உருண்டை.
மாற்றிப்போட ஒரு நிமிஷம்.
மாற்றினால் இதற்கு விலை ஏறும்,
அதற்கும் ஏறும், கேட்க ஆளில்லாமல்.
"ரெண்டு உரிமையாளரும் கையெழுத்து வைக்கவேணும்,"
என்றா மிஸ், பதிவேட்டைப் பார்த்தபடியே.

"ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கோ."
"அடிச்சா பள்ளம் கூடும். விலை குறையும்."
"குறையட்டும்."

மிஸ் தேத்தண்ணி சொல்ல எழும்பிப் போனா.
608ஐ 608க்குள் செருகினேன்.
சுவர்ப்பக்கம் திருப்பி இழுத்தேன்.

டிக்.

மான் காதைக்கூட அசைக்கவில்லை.
அவ தலையைச் சரித்தபடி இருந்தா, கொஞ்ச நேரம்.
"இது இல்லை," என்றா.
"அது இன்னும் கிட்டக் கேட்டது."

மிஸ் வருமுன் போல்ட்டுகளைப் பழையபடி வைத்தேன்,
அவரதில் இவருடையது, இவரதில் அவருடையது.
கொண்டுபோறீங்களா என்று கேட்டதற்கு
ரசீதை நாலாய் மடித்தா.
"இறக்கக்கண்டியில இருந்து ஆரும் வந்தா அறிவியுங்கோ."

படிவத்தில் நிலை என்றொரு பெட்டி,
பெருவிரல் நகத்தளவு.
சுமார் என்று எழுதினேன்.
தேத்தண்ணியில் சீனி கூட.
முப்பத்திரண்டு: கட்டை பிளந்தது, குழல் இல்லை.